ரஷ்ய பாலே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலே ரஷ்யாவில் பிறந்த கலையா?

இல்லை. இத்தாலிய அரண்மனை விருந்துகளில் முளைவிட்டு, பிரான்சில் இலக்கணம் பெற்ற ஆட்டம் அது. 1661-இல் பதினான்காம் லூயி பாரிசில் நடனத்துக்கென்றே ஒரு கழகம் அமைத்தார். இன்றும் பாலேயின் கலைச்சொற்கள் பிரெஞ்சுதான். மாஸ்கோவில் வகுப்பெடுத்தாலும் ப்ளியே, அரபெஸ்க், ஃபூவெத்தே என்றுதான் சொல்வார்கள்.

ரஷ்யாவுக்கு அது இறக்குமதிச் சரக்காகத்தான் வந்தது. பேரரசி அன்னா இவானவ்னாவின் காலத்தில் ழான் பாப்டிஸ்ட் லாந்தே என்ற பிரெஞ்சு நடன ஆசிரியர் பீட்டர்ஸ்பர்கில் இருந்தார். 1738-இல் குளிர்கால அரண்மனையில் அவருக்கு ஒரு பள்ளி தொடங்க அனுமதி கிடைத்தது. முதல் மாணவர்கள் அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகள்: பன்னிரண்டு சிறுவர்கள், பன்னிரண்டு சிறுமிகள். மாஸ்கோ பள்ளியின் கதை இன்னும் சுவையானது. 1773-இல் அங்கே நடன வகுப்பு ஆரம்பித்த இடம் ஓர் அநாதை இல்லம்.

அப்படியென்றால் அதை ஏன் "ரஷ்ய பாலே" என்கிறோம்?

ஒன்றரை நூற்றாண்டு அதைச் சோறு போட்டு வளர்த்தது ரஷ்யா என்பதால். பாரிசில் பாலே மெல்ல ஓபராவுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த ஊறுகாய் ஆகிவிட்டது. பீட்டர்ஸ்பர்கில் ஜார் மன்னர்களின் கருவூலம் தியேட்டர், பள்ளி, இசைக்குழு, உடை என எல்லாவற்றுக்கும் செலவழித்தது. ஆடுபவர்களுக்கு இருபது வருட வேலைக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. அந்த இருபது வருடக் கணக்கு இன்றைய ரஷ்யாவிலும் தொடர்கிறது.

காசு இருந்த இடத்துக்கு ஆசிரியர்கள் வந்தார்கள். சார்ல் திதெலோ, ஜூல் பெரோ, மரியூஸ் பெத்திபா ஆகியோர் பிரெஞ்சு மரபைக் கொண்டுவந்தார்கள். கிறிஸ்டியன் ஜோஹன்சன் ஸ்வீடனிலிருந்து வந்து, டென்மார்க்கில் தான் கற்ற மென்மையைக் கற்றுக்கொடுத்தார். பிறகு என்ரிகோ செக்கெத்தியோடு இத்தாலிய வேகமும் சுழற்சியும் வந்து சேர்ந்தன. ரஷ்யர்கள் எல்லாரிடமும் கற்றார்கள், யாரையும் அப்படியே நகலெடுக்கவில்லை. என் பார்வையில் ரஷ்ய பாலேயின் ரகசியமே இந்தக் கொள்முதல் புத்திதான். "ரஷ்ய ஆன்மா" என்று பலர் உருகுவது அப்புறம் வந்த விளம்பரம்.

பெத்திபா யார்? ஏன் எங்கே திரும்பினாலும் அவர் பெயர்?

1818-இல் மார்செயில் பிறந்தவர். 1847-இல் நடனக்காரராக பீட்டர்ஸ்பர்க் வந்தார். பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே இருந்தார், ரஷ்ய மொழியை மட்டும் கடைசிவரை ஒழுங்காகப் பேசவில்லை என்பார்கள். "டான் கிஹோத்தே" 1869, "லா பயாடேர்" 1877, "உறங்கும் அழகி" 1890, "ரேமோண்டா" 1898 என்று நீளும் பட்டியல் அவருடையது.

அவர் ஆக்கங்களுக்கு ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தின் கட்டமைப்பு உண்டு. கதை சொல்ல ஒரு பகுதி, கூட்டமாக ஆட ஒரு பகுதி, நாட்டுப்புற ஆட்டங்களுக்கு ஒரு பகுதி, நடுவில் நாயகனும் நாயகியும் ஆடும் இணை நடனம். அந்த இணை நடனத்துக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் இருவரும் மெதுவாக, பிறகு அவன் தனியாக, அவள் தனியாக, கடைசியில் இருவரும் சேர்ந்து வேகமாக. இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் எந்தப் பழைய பாலேயையும் தொலைந்துபோகாமல் பார்க்கலாம்.

சாய்க்கோவ்ஸ்கியிடம் இசை கேட்கும்போது இந்த இடத்தில் இத்தனை அளவு, இந்தத் தாளம், இங்கே திடீர் அதிர்ச்சி என்று துல்லியமாக எழுதிக் கொடுத்தார் பெத்திபா. ஒரு மேதையின் கையை இப்படிக் கட்டலாமா என்று தோன்றும். "உறங்கும் அழகி"யின் இசையைக் கேட்டால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

"அன்ன ஏரி" முதலில் தோற்றுப்போனது உண்மையா?

ஓரளவு. ஸ்வான் லேக் என்று உலகம் அறிந்த அந்தப் படைப்பு 1877-இல் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில், ரைஸிங்கர் என்பவரின் நடன அமைப்போடு அரங்கேறியது. சில வருடங்கள் ஓடியது, ஆனால் யாரையும் உலுக்கவில்லை. சாய்க்கோவ்ஸ்கி 1893-இல் இறந்தார். அடுத்த வருடம் அவர் நினைவாக லெவ் இவானவ் ஏரிக்கரைக் காட்சியை மட்டும் புதிதாக அமைத்தார். 1895-இல் பெத்திபாவும் இவானவும் சேர்ந்து முழுப் படைப்பையும் பீட்டர்ஸ்பர்கின் மாரின்ஸ்கி அரங்கில் மேடையேற்றினார்கள். நாம் இன்று பார்ப்பதெல்லாம் அதன் வாரிசுகள். அந்த வெற்றியைக் காண இசையமைத்தவர் உயிரோடில்லை.

கறுப்பு அன்னம் ஒற்றைக்காலில் 32 முறை சுழலும் இடம் பலருக்கும் தெரிந்திருக்கும். அதைக் கொண்டுவந்தவர் பியெரினா லெஞ்ஞானி என்ற இத்தாலியப் பெண். ரஷ்யப் பெண்களில் முதலில் அதைச் சாதித்தவர் மத்தில்தா க்ஷெசின்ஸ்கயா. இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், புரட்சியின்போது திரும்ப வருவார்.

சுழற்சியை எண்ணுவது பெரிய பொழுதுபோக்கு. நானும் எண்ணியிருக்கிறேன். எண்ணும்போது ஆட்டத்தைப் பார்க்க முடியாது என்பதுதான் அதில் சிக்கல்.

"லா பயாடேர்" ஒரு தேவதாசியின் கதையாமே?

ஆமாம். பயாடேர் என்ற சொல்லே போர்த்துகீசியர் நம் கோயில் ஆடல் மகளிரைக் குறித்த சொல்லிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. நிக்கியா என்ற கோயில் ஆடல்காரி, சோலார் என்ற வீரன், அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட அரசகுமாரி கம்சாத்தி, நிக்கியா மேல் ஆசைப்படும் தலைமைப் பூசாரி. பூக்கூடைக்குள் ஒளித்த பாம்பு கடித்து நிக்கியா சாகிறாள்.

இதில் நமக்கு நேர்த் தொடர்பு உண்டு. 1838-இல் புதுச்சேரி வழியாக ஒரு தேவதாசிக் குழு பாரிசுக்குப் போனது. அவர்கள் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்துக்காரர்கள். அந்தக் குழுவில் அம்மணி என்ற இளம்பெண்ணைப் பார்த்துத் தியோஃபில் கோத்தியே என்ற பிரெஞ்சுக் கவிஞர் சொக்கிப்போய் எழுதினார். இருபது வருடம் கழித்து அவர் சகுந்தலை கதையை பாலேவாக எழுதியபோது நடனம் அமைத்தவர் லூசியான் பெத்திபா, மரியூஸின் அண்ணன். "லா பயாடேர்" இந்தப் பரம்பரையில் வந்த பிள்ளை. திருவந்திபுரத்திலிருந்து பாரிஸ், பாரிசிலிருந்து பீட்டர்ஸ்பர்க்.

மேடையில் இருப்பதில் நம்மூர் ஆட்டம் எதுவும் கிடையாது, எதிர்பார்த்துப் போகாதீர்கள். சோலார் என்று இந்தியாவில் யாருக்குப் பெயர்? சில தயாரிப்புகளில் சிறுவர்கள் உடம்பில் கறுப்புச் சாயம் பூசி ஆடுவது 2019-இல் பெரிய சண்டையாகவே வெடித்தது. இந்தக் கூச்சங்களோடும் இதை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரே காட்சிக்காக. அபின் மயக்கத்தில் சோலார் காணும் கனவில், வெள்ளை உடைப் பெண்கள் ஒரு சரிவில் ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு காலைப் பின்னால் நீட்டி முன்னே சாய்வார்கள், பிறகு அடுத்த அடி. முன்னால் இருப்பவள் செய்ததையே பின்னால் வருபவளும் செய்ய, வரிசை பாம்பு போல வளைந்து மேடையை நிறைக்கும். 1900-இல் பெத்திபா புதுப்பித்தபோது 48 பேர் ஆடினார்கள், இன்று பெரும்பாலும் 32 அல்லது 24. முன்னணிக் கலைஞர் யாரும் இல்லாத இந்தக் காட்சிக்குத்தான் அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஒருத்தியின் கால் நடுங்கினால் மொத்தமும் கெட்டுவிடும்.

மாரின்ஸ்கி, போல்ஷோய்: எது பெரியது?

பெயர்ப்படி போல்ஷோய். ரஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்கே "பெரிய" என்றுதான் பொருள்.

மாஸ்கோ போல்ஷோய் தன் பிறந்த ஆண்டை 1776 என்று கணக்கிடுகிறது. கட்டடம் 1825-இல் வந்தது, 1853-இல் எரிந்தது, 1856-இல் மறுபடி திறந்தது. பீட்டர்ஸ்பர்க் மாரின்ஸ்கி 1860-இல் கட்டப்பட்டு ஜாரின் மனைவி மரியாவின் பெயரைப் பெற்றது. சோவியத் காலத்தில் அதற்குக் கிரோவ் என்று பெயர், 1992-இல் பழைய பெயர் திரும்பியது. பழைய புத்தகங்களில் கிரோவ் பாலே என்று படித்தால் குழம்ப வேண்டாம், அது மாரின்ஸ்கிதான்.

பீட்டர்ஸ்பர்க்காரர்கள் சுத்தமானவர்கள், மாஸ்கோக்காரர்கள் சூடானவர்கள் என்பது பழகிப்போன ஒப்பீடு. முன்னதில் கோடு, கை, கழுத்தின் நேர்த்தி. பின்னதில் பெரிய தாவல்கள், நடிப்பு, ஆவேசம். இந்த வேறுபாடு இப்போது மங்கிவிட்டது, அதற்கு அரசும் ஒரு காரணம். தலைநகருக்கு நல்ல ஆள் வேண்டும் என்று லெனின்கிராடிலிருந்து, அதாவது சோவியத் காலத்துப் பீட்டர்ஸ்பர்கிலிருந்து, அள்ளிக்கொண்டே இருந்தார்கள். கலினா உலானவா 1944-இல் மாஸ்கோவுக்கு மாற்றப்பட்டார். 1964-இல் போல்ஷோயின் தலைமை நடன அமைப்பாளரான யூரி கிரிகோரவிச்சும் லெனின்கிராட்காரர்தான். 1968-இல் அவர் அமைத்த "ஸ்பார்ட்டகஸ்"தான் போல்ஷோய் என்றதும் பலருக்கு இன்றைக்கும் நினைவுக்கு வருவது.

வகானவா முறை என்பது என்ன?

அக்ரிப்பினா வகானவா 1879-இல் பிறந்தவர், அரச பள்ளியில் படித்தவர். மேடையில் திறமைக்கேற்ற இடம் அவருக்குத் தாமதமாகவே கிடைத்தது. 1915-இல் முன்னணி நடனக்காரிக்கான பாலேரினா பட்டம், அடுத்த வருடமே ஓய்வு. அவர் வாழ்க்கையே அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 1921-இல் பழைய பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். பிரெஞ்சுக் கை மென்மையாக இருந்தாலும் தளர்ந்திருந்தது. இத்தாலியக் கால் உறுதியாக இருந்தாலும் விறைத்திருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்து, எதை எந்த வயதில், எந்த வரிசையில் சொல்லித்தர வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார். 1934-இல் அது புத்தகமாக வந்தது. அந்தப் பள்ளிக்கே 1957 முதல் அவர் பெயர்.

காலை உயர்த்துவது காலின் வேலை மட்டும் அல்ல, முதுகு, தோள், தலை, கண் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை என்பதுதான் இதன் சாரம். சுழலுக்குக் கை வேகம் தருகிறது, தாவலுக்கு முதுகு தாங்குகிறது. ரஷ்யாவில் பயின்றவரை முதுகைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று ரசிகர்கள் சொல்வது வீண் பேச்சல்ல.

ஆனால் புத்தகத்தை வைத்துக்கொண்டு இந்த முறையைக் கற்க முடியாது. ஓய்வுபெற்ற கலைஞர் பயிற்சியாளராகி, தான் ஆடிய பாத்திரத்தை இளையவருக்கு ஒரு அறையில், ஒரு பியானோவோடு, கைபிடித்துச் சொல்லித்தருகிறார். வகானவாவின் முதல் பெரிய மாணவி மரீனா செம்யோனவா 2010-இல் 101 வயதில் இறந்தார். அவரிடமும் உலானவாவிடமும் கற்றவர் நிகலாய் சிஸ்கரீஸ்ஸே. அவர் பிற்பாடு அதே வகானவா கல்வியகத்தின் தலைவரானார். 1897-இல் பள்ளி முடித்த ஒரு பெண்ணுக்கும் இன்றைக்கும் நடுவில் இரண்டே ஆட்கள்தான்.

பள்ளியில் சேர என்ன வேண்டும்?

பத்து வயது, சரியான உடம்பு, கொஞ்சம் இரக்கமின்மையைத் தாங்கும் மனசு.

முதலில் உடல் பார்ப்பார்கள்: கால், கை, கழுத்தின் விகிதம், இடுப்பு எவ்வளவு வெளிப்பக்கம் திரும்புகிறது, பாதத்தின் வளைவு, தாவல். அப்புறம் மருத்துவர், அப்புறம் இசையுணர்வும் தாளமும். சேர்ந்தால் எட்டு வருடப் படிப்பு, நடுவில் கணக்கு, இலக்கியம், பிரெஞ்சு எல்லாம் உண்டு. முதல் வருடத்தில் ஆட்டமே இல்லை என்று சொல்லலாம். சுவரோரக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, மெதுவாக முழங்கால் மடக்கி நிமிர்வதுதான் வேலை. தேர்வில் தேறாதவர்கள் பாதியில் வெளியேற வேண்டும். பெரியவர்கள் எதிரே வந்தால் நின்று வணங்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

பழைய ரஷ்ய மேடைகள் பார்வையாளர் பக்கம் சற்றே சரிந்திருக்கும். சமதளத்தில் பழகி வந்த வெளிநாட்டுக் கலைஞர்கள் முதல் நாள் அங்கே தடுமாறுவதுண்டு.

விரல்நுனிக் காலணிக்குள் மரக்கட்டை இருக்கிறதா?

இல்லை. துணி, காகிதம், பசை ஆகியவற்றை அடுக்கடுக்காக வைத்து இறுக்கிய கூடுதான். வியர்வையும் அழுத்தமும் சேர்ந்து அதை இளக்கிவிடும். முழுநீள பாலேயில் முன்னணிப் பெண் ஒரே இரவில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடலாம். நாடாவை அவரவரே தைத்துக்கொள்வார்கள், புதுக் காலணியை வளைத்தும் தட்டியும் பழக்கிக்கொள்வார்கள்.

மரீ தாக்லியோனி என்ற புகழ்பெற்ற நடனக்காரி 1842-இல் பீட்டர்ஸ்பர்கை விட்டுப் போனபோது ரசிகர்கள் அவர் காலணியை விலைக்கு வாங்கி, சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அந்த ஊரின் பைத்தியத்தைச் சரியாகச் சொல்கிறது.

1917 புரட்சியில் பாலே எப்படிப் பிழைத்தது?

மயிரிழையில். ஜாரின் பொம்மை, பணக்காரர்களின் கேளிக்கை என்ற பட்டம் அதற்கு இருந்தது. முன்பு சொன்ன க்ஷெசின்ஸ்கயா, இரண்டாம் நிக்கலஸின் திருமணத்துக்கு முந்தைய காதலி. அவருடைய மாளிகையை போல்ஷெவிக்குகள் பிடித்துக்கொண்டார்கள், 1917 ஏப்ரலில் லெனின் பேசியது அதன் மாடத்திலிருந்துதான். இன்று அந்தக் கட்டடம் அரசியல் வரலாற்று அருங்காட்சியகம்.

போல்ஷோயை மூடிச் செலவை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணம் லெனினுக்கே இருந்தது. கல்வி மக்கள் ஆணையர் லுனசார்ஸ்கி விடாமல் வாதாடிக் காப்பாற்றினார். வெல்வெட் இருக்கைகளில் தொழிலாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள், அவர்களுக்கும் "உறங்கும் அழகி" பிடித்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கிரோவ் குழுவும் பள்ளியும் உரால் பகுதியில் உள்ள பெர்முக்கு அனுப்பப்பட்டன. கச்சத்தூரியனின் "கயானே" 1942-இல் அரங்கேறியது அங்கேதான். பெர்மில் இன்று புகழோடு இருக்கும் பாலே பள்ளி அந்த இடப்பெயர்வின் எச்சம்.

எல்லாரும் பிழைக்கவில்லை. போல்ஷோயின் நட்சத்திரமான மாயா பிளிசெத்ஸ்கயாவின் அப்பா 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார், அம்மா கைக்குழந்தையோடு முகாமுக்குப் போனார். அதே அரசு பின்னாளில் வெளிநாட்டு விருந்தாளிகளுக்குப் பிளிசெத்ஸ்கயாவின் அன்னத்தைத்தான் பெருமையோடு காட்டியது.

டியாகிலெவின் குழு ரஷ்யாவில் ஆடவே இல்லையாமே?

ஆடவில்லை. ரஷ்யக் கலைஞர்களைத் திரட்டி டியாகிலெவ் என்ற ஏற்பாட்டாளர் நடத்திய பாலே குழு அது. 1909-இல் பாரிசில் தொடங்கி, 1929-இல் அவர் வெனிஸில் இறக்கும்வரை மேற்கிலேயே சுற்றியது. நடனக் கலைஞர்கள் ஃபோகின், நிஜின்ஸ்கி, கர்சாவினா, இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி எல்லாரும் அதில் இருந்தார்கள். 1913 மே 29 அன்று "வசந்தச் சடங்கு" அரங்கேறியபோது எழுந்த கூச்சலில் ஆடுபவர்களுக்கு இசையே கேட்கவில்லை. இந்தக் குழுவின் கடைசி வருடங்களில் வளர்ந்த ஜார்ஜ் பலான்சின் அமெரிக்கா போய் அங்கே பாலேயை நிலைநிறுத்தினார். அவரும் பீட்டர்ஸ்பர்க் பள்ளியின் பிள்ளைதான்.

நுரேயெவ் ஏன் ஓடினார்?

1961 ஜூன் 16. கிரோவ் குழு பாரிசிலிருந்து லண்டனுக்குக் கிளம்பும்போது, அதன் இளம் நட்சத்திரமான நுரேயெவை மட்டும் மாஸ்கோவுக்குத் திரும்பச் சொன்னார்கள். திரும்பினால் மறுபடி வெளியே விடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். லெ பூர்ஜே விமான நிலையத்தில் பிரெஞ்சுப் போலீசிடம் அடைக்கலம் கேட்டார். 1970-இல் மகாரவா, 1974-இல் பரிஷ்னிகவ் என்று வரிசை நீண்டது. நுரேயெவ், பரிஷ்னிகவ் இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே: அலெக்சாந்தர் புஷ்கின். கவிஞர் புஷ்கின் வேறு.

நுரேயெவ் தன் மூட்டையில் "லா பயாடேர்" படைப்பைத் தூக்கிக்கொண்டு போனார். 1992-இல் சாகும் தறுவாயில், முழுப் படைப்பையும் பாரிஸ் ஓபராவில் மேடையேற்றினார். அம்மணி ஆடிய ஊருக்கே அது திரும்பிப் போனது.

ரஷ்யர்கள் டிவியில் "அன்ன ஏரி" வந்தால் பதறுவார்கள் என்பது ஏன்?

1991 ஆகஸ்ட் 19 அன்று கோர்பசேவுக்கு எதிராகச் சதி நடந்தபோது, செய்திக்குப் பதிலாக அரசுத் தொலைக்காட்சி அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. அதுமுதல் அந்த இசை "ஏதோ நடக்கிறது, சொல்ல மாட்டார்கள்" என்பதன் அடையாளம். 2022 மார்ச்சில் தோஷ்த் என்ற சுயேச்சை அலைவரிசை ஒளிபரப்பை நிறுத்தியபோது, கடைசியாகக் குட்டி அன்னங்களின் நடனத்தைக் காட்டிவிட்டு முடித்தது. சொல் எதுவும் தேவைப்படவில்லை. அந்த மாதமே ஓல்கா ஸ்மிர்னவா போல்ஷோயை விட்டு நெதர்லாந்துக்குப் போனார்.

அரங்கில் கவனிக்க வேண்டிய வழக்கங்கள் உண்டா?

பூங்கொத்து கொடுப்பதானால் ஒற்றைப்படை எண்ணிக்கை. இரட்டைப்படைப் பூ சாவு வீட்டுக்கு. ஆடப் போகிறவரை வாழ்த்தக் கூடாது, "இறகும் வேண்டாம் தூவியும் வேண்டாம்" என்ற பொருளில் ஒரு வேட்டைக்காரர் வாசகம் சொல்ல வேண்டும். அவர் பதிலுக்கு "போ, பிசாசிடம்" என்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அதுதான் முறை. கைதட்டலைப் பொறுத்தவரை நம்மூர்க் கச்சேரி மாதிரிதான், நல்ல தாவல் விழுந்தால் நடுவிலேயே தட்டலாம்.

அன்னா பாவ்லவாவுக்கும் ருக்மிணி தேவிக்கும் என்ன தொடர்பு?

மாரின்ஸ்கியில் வளர்ந்து, தனிக் குழு அமைத்து உலகம் சுற்றிய பாவ்லவாவை ருக்மிணி தேவி அருண்டேல் 1928-இல் பம்பாயில் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரே கப்பலில் இருவரும் இருந்தார்கள். ருக்மிணி தேவி பாலே கற்க ஆசைப்பட, தன் குழுவின் கிளியோ நோர்டியிடம் பாவ்லவா ஏற்பாடு செய்தார். உங்கள் நாட்டு ஆட்டத்தைத் தேடுங்கள் என்றும் சொன்னார். 1935 டிசம்பரில் அடையாறில் ருக்மிணி தேவி, இன்று பரதநாட்டியம் எனப்படும் சதிரை ஆடினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரா.

இதைச் சொல்லும்போது ரஷ்யப் பெண் வந்துதான் நம் ஆட்டத்தை மீட்டார் என்று முடித்துவிடக் கூடாது. ருக்மிணி தேவிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும். ஆட்டம் அவர்களிடம் இருந்தது, அம்மணியின் குலத்தாரிடமும் இருந்தது.

முதல்முறை பார்ப்பவர் எதில் ஆரம்பிக்கலாம்?

குழந்தைகளோடு என்றால் "நட்கிராக்கர்". தனியாக என்றால் "அன்ன ஏரி"யின் இரண்டாம் காட்சி மட்டும், அரை மணி நேரம். கால்களை விட்டுவிட்டு முதுகையும் கைகளையும் பாருங்கள். பிடித்துவிட்டால் அடுத்து அந்த வெள்ளைப் பெண்கள் சரிவில் இறங்கும் காட்சி. விளக்கை அணைத்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட்டு.